பழைய விண்டோஸ் சொலிட்டயரில் எங்கள் ஊர்க் காட்ஸ்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

விண்டோஸ் எக்ஸ்பி காலத்துச் சொலிட்டயர் என்ற தனியாள் காட்ஸ் விளையாட்டின் படங்களைக் கழற்றிவிட்டு நுங்கும் பட்டமும் பனையும் வைத்து நான் கீறிய காட்ஸ் கூட்டத்தைப் பார்த்தவர்கள் கேட்கிற கேள்விகள் இவை. யாழ்ப்பாணத்தில் கேட்பவர்களில் முக்கால்வாசிப் பேர் 304 என்ற காட்ஸ் விளையாட்டு அடிக்கிறவர்கள். மிச்சப் பேர் கணினி வகுப்பில் ஆசிரியர் அங்கால் திரும்பிய நேரம் பார்த்துச் சொலிட்டயரைத் திறந்தவர்கள். இரண்டு வகைக்கும் சேர்த்தே எழுதுகிறேன்.

'சீட்டு' என்ற சொல்லை வேண்டுமென்றே தவிர்த்திருக்கிறேன். எங்கள் பக்கம் சீட்டு என்றால் மாதாமாதம் காசு கட்டி எடுக்கிற சீட்டு. ஆகவே காட்ஸ், தாள், கூட்டம் (52 தாளும் சேர்ந்தது) என்றே வரும்.

இது எந்தச் சொலிட்டயர்? கைபேசியில் வருகிறதா?

இல்லை. 1990-இல் விண்டோஸ் 3.0-உடன் வந்து, எக்ஸ்பி வரைக்கும் முகம் பெரிதாக மாறாமல் இருந்த அந்தப் பச்சைப் பின்னணி விளையாட்டு. எழுதியவர் வெஸ் செரி. மைக்ரோசொஃப்டில் பயிற்சிக்கு வந்த பெடியனாக இருந்தபோது எழுதியது, அதற்கென்று ஒரு சதமும் உரிமைத்தொகை கிடைக்கவில்லை. தாள்களைக் கீறியவர் சூசன் கேர். அப்பிள் மக்கின்டொஷின் முதல் ஐகன்களைக் கீறியவரும் அவரேதான். மௌஸைப் பிடித்து இழுத்து விடப் பழக்குவதற்காகவே இந்த விளையாட்டை வைத்தார்கள் என்று சொல்வார்கள். என் மாமா மௌஸ் பழகியது அப்படித்தான், ஆகவே நான் மறுக்கவில்லை.

2007-இல் விஸ்டாவோடு எல்லாப் படங்களும் புதிதாகக் கீறப்பட்டு, கோப்புகளின் அமைப்பும் மாறிவிட்டது. விண்டோஸ் 8-இல் உடன் வருவதே நின்றது. கீழே சொல்வது எதுவும் விஸ்டாவுக்கும் அதற்குப் பிந்தியவற்றோடு வந்த சொலிட்டயருக்கும் பொருந்தாது.

படங்கள் எங்கே இருக்கின்றன?

விளையாட்டுக்குள் இல்லை. இதுதான் முதலில் விளங்க வேண்டியது. விளையாட்டின் கோப்பு சோல்.எக்ஸி. அதற்குள் ஒரு தாள்கூட இல்லை. எல்லாத் தாளும் சிஸ்டம்32 என்ற கோப்புறைக்குள் கிடக்கிற கார்ட்ஸ்.டிஎல்எல் என்ற தனிக் கோப்பில் இருக்கின்றன. சொலிட்டயர், ஃப்ரீசெல், ஹார்ட்ஸ் மூன்றும் அந்த ஒரே கூட்டத்தைத்தான் மாறி மாறி எடுத்து விளையாடுகின்றன. ஒழுங்கையில் ஒரு வீட்டில் கூட்டம் இருந்தால் மூன்று வீட்டுக்காரர் இரவல் வாங்குவது போல. அதனால் ஒரு கோப்பை மாற்றினால் மூன்று விளையாட்டும் மாறும்.

ஸ்பைடர் சொலிட்டயர் மட்டும் சேராது. அது தன் தாள்களைத் தன்னோடேயே வைத்திருக்கிறது.

என்னென்ன தேவை?

எக்ஸ்பியின் சோல்.எக்ஸியும் கார்ட்ஸ்.டிஎல்எல்லும். பழைய எக்ஸ்பி கணினி வீட்டில் தூங்குகிறது என்றால் அதிலிருந்து நகலெடுங்கள். சீடி மட்டும் இருக்கிறது என்றால் ஐ386 என்ற கோப்புறைக்குள் இரண்டும் சுருக்கிய வடிவில் இருக்கும், பெயரின் கடைசி எழுத்துக்குப் பதிலாக அடிக்கோடு போட்டிருக்கும். கட்டளைச் சாளரத்தில் 'எக்ஸ்பாண்ட்' என்ற கட்டளை கொடுத்தால் விரியும்.

பிறகு ரிசோர்ஸ் ஹாக்கர் என்ற இலவச மென்பொருள். டிஎல்எல்லைப் பிரித்து உள்ளே இருக்கும் படங்களைக் காட்டும், மாற்றவும் விடும். கீறுவதற்குப் பெயின்ட்டே போதும். நான் ஜிம்ப் என்ற படமென்பொருளைப் பாவிக்கிறேன்.

எக்ஸ்பியின் இந்தக் கோப்புகள் 32-பிட். 64-பிட் விண்டோஸ் 10-இலும் ஓடுகின்றன. விண்டோஸ் 3.1-இன் பழைய பிரதி 16-பிட், அது நேரடியாக ஓடாது.

ஒரு தாளை மாற்றிக் காட்டுங்களேன்.

சரி, களாவரை (கிளப்ஸ்) ஏஸை மாற்றுவோம்.

முதலில் வேறொரு இடத்தில் புதுக் கோப்புறை ஒன்றைத் திறந்து இரண்டு கோப்பையும் அதற்குள் போடுங்கள். டிஎல்எல்லை இன்னொரு பெயரிலும் ஒரு நகல் எடுத்து வையுங்கள். இதைச் செய்யாமல் தொடங்குகிறவர்கள் எல்லோரும் பிறகு என்னிடம்தான் வருகிறார்கள்.

ரிசோர்ஸ் ஹாக்கரில் டிஎல்எல்லைத் திறந்தால் இடப்பக்கம் பிட்மாப் (ஒரு படக் கோப்பு வகை) என்ற தலைப்பின் கீழ் எண்கள் வரிசையாக வரும். 1 முதல் 13 வரை களாவரை, 14 முதல் 26 வரை உரூய்தன் (டயமன்), 27 முதல் 39 வரை ஆடுதன் (ஹார்ட்ஸ்), 40 முதல் 52 வரை ஸ்கோப்பன் (ஸ்பேட்). ஒவ்வொரு பிரிவிலும் ஏஸ் முதல், ராசா கடைசி. 54 தொடக்கம் 65 வரை முதுகுப் படங்கள், அதாவது தாளின் பின்பக்கம். 67-உம் 68-உம் தாள் தீர்ந்த இடத்தில் வரும் பெருக்கல் குறியும் வட்டமும்.

எண் 1-ஐச் சேமித்து, பெயின்ட்டில் திறந்து, நடுவில் இருக்கும் மூவிலையை அழித்து உங்களுடையதைக் கீறுங்கள். அளவு 71 பிக்சல் அகலம், 96 பிக்சல் உயரம். 24-பிட் பிட்மாப்பாகச் சேமித்தால் கோப்பின் அளவு 20,790 பைட் வர வேண்டும். ஒரு வரிக்கு 213 பைட், அதை நான்கால் பிரிபட வைக்க 216, அப்படி 96 வரிகள், தலைப்புக்கு 54. இந்தக் கணக்கை ஏன் சொல்கிறேன் என்றால், 52 கோப்பையும் ஒரே பார்வையில் சரிபார்க்க இதைவிடக் கெதியான வழி இல்லை. எண் பிசகினால் அளவோ நிறமோ பிசகியிருக்கிறது. வேறொரு பெரிய படமென்பொருளில் சேமித்து இரண்டு பைட் கூட வந்தால் பயப்பட வேண்டாம், அது வாலில் சேர்க்கும் வெற்றிடம்.

பிறகு ரிசோர்ஸ் ஹாக்கரில் எண் 1-ஐத் தேர்ந்து, பிட்மாப்பை மாற்று என்ற கட்டளையில் உங்கள் கோப்பைக் காட்டி, டிஎல்எல்லைச் சேமியுங்கள். அதே கோப்புறைக்குள் இருக்கும் சோல்.எக்ஸியைத் திறந்தால் புதுத் தாள் வரும். விண்டோஸ் ஒரு டிஎல்எல்லைத் தேடும்போது முதலில் விளையாட்டு இருக்கும் கோப்புறையைத்தான் பார்க்கும். சிஸ்டம்32-க்குப் போவது அதற்குப் பிறகு.

சிஸ்டம்32-க்குள்ளேயே மாற்றினேன். கொஞ்ச நேரத்தில் பழைய படம் திரும்பி வந்துவிட்டது. யார் மாற்றியது?

விண்டோஸ்தான். எக்ஸ்பியில் முக்கியமான கோப்புகளை யாராவது தொட்டால், டிஎல்எல்கேஷ் என்ற மறைந்த கோப்புறையில் இருக்கும் பிரதியை எடுத்துச் சத்தம் போடாமல் திரும்ப வைத்துவிடும்.

எனக்கு இது விளங்க ஒரு மாதம் எடுத்தது. 2002-இல் யாழ்ப்பாணத்துக்கு வரும் ஏ-9 பாதை திறந்த பிறகு கணினிகள் கொஞ்சம் கொஞ்சமாக வந்துகொண்டிருந்த காலம். நான் போன வகுப்பில் எட்டுக் கணினி, இருபது பேர். ஸ்கோப்பன் ராணிக்கு மீசை கீறி வைப்பேன், அடுத்த முறை போனால் மீசை இருக்காது. பக்கத்துக் கதிரைக்காரன்தான் அழிக்கிறான் என்று அவனோடு கதைக்காமல் விட்டேன். பிறகு யாரோ சொல்லித் தெரிந்து அந்த மறைந்த கோப்புறையில் இருந்ததையும் அழித்தேன். அழித்த கையோடு 'விண்டோஸ் சீடியைப் போடு' என்று பெட்டி ஒன்று திரையின் நடுவில் வந்து நின்றது. சீடி ஆசிரியரின் அலுமாரிக்குள். மூடினால் திரும்பத் திரும்ப வந்தது. மீதியைச் சொல்ல வேண்டியதில்லை.

ஆகவே சிஸ்டம்32-ஐத் தொடாதீர்கள். தனிக் கோப்புறைதான் வழி.

71-க்கு 96 என்பது இந்தக் காலத் திரையில் முத்திரை மாதிரித் தெரிகிறதே. பெரிதாகக் கீறலாமா?

கீறாதீர்கள். அசைகிற முதுகுப் படங்கள், ஓரக் கோடு எல்லாம் இந்த அளவுக்கு என்றே கட்டப்பட்டவை. பெரிதாகத் தெரிய வேண்டும் என்றால் சோல்.எக்ஸியில் வலது சொடுக்கி, இயல்புகளில் பொருந்துமை என்ற பகுதிக்குப் போய், உயர் டிபிஐ அமைப்பை 'சிஸ்டம்' என்று மாற்றுங்கள். கொஞ்சம் மங்கும், ஆனால் பெரிதாகும்.

தாளின் நான்கு மூலையும் நான் கீறியபடி வரவில்லை. கறுப்புக் கோடும் தானாக வருகிறது.

மூலைக்கு மூன்று பிக்சல் வீதம் டிஎல்எல் தானே பின்னணி நிறத்தைத் திரும்ப வைக்கும், மூலை உருண்டு தெரிவதற்காக. சிவப்பு எண் தாள்களுக்குக் கறுப்பு ஓரக் கோட்டையும் அதுவே போடும். ஓரத்து ஒற்றைப் பிக்சல் உங்களுடையது அல்ல என்று நினைத்துக் கீறுங்கள்.

களாவரை, உரூய்தன் என்று எழுதியிருக்கிறீர்கள். இவை என்ன பெயர்கள்?

இளம் பெடியள்தான் இதைக் கேட்கிறார்கள். அப்பப்பாவிடம் கேட்டுப் பாருங்கள், அவருக்குக் கேள்வியே விளங்காது. கிளப்ஸ் களாவரை, டயமன் உரூய்தன், ஹார்ட்ஸ் ஆடுதன், ஸ்பேட் ஸ்கோப்பன். நான்கும் ஒல்லாந்துச் சொற்கள். 1658-இல் போர்த்துக்கீசரிடமிருந்து யாழ்ப்பாணக் கோட்டையைப் பிடித்து 1795 வரை இங்கே இருந்தவர்கள் விட்டுப்போனவை. அவர்கள் ஐந்து மூலை வைத்துக் கட்டிய கோட்டைச் சுவரில் பாதியைச் சண்டை தின்றுவிட்டது. காட்ஸ் பெயருக்கு ஒரு கீறலும் விழவில்லை.

அடையாளங்களை எப்படித் தேர்ந்தீர்கள்?

களாவரைக்கு நான் யோசிக்கவே இல்லை. மூவிலையைப் பார்த்த உடனே மூன்று கண் நுங்குதான் கண்ணில் பட்டது. உரூய்தனுக்குப் பட்டம். வல்வெட்டித்துறையில் தைப்பொங்கலுக்கு ஏற்றுகிற பெரிய பட்டங்களைப் பார்த்தவர்களுக்கு இது போதாது என்று தெரியும், ஆனால் ஒரு சாய்சதுரத்துக்குள் அதற்கு மேல் என்ன செய்ய ஏலும்? முதலில் வாலும் வைத்துக் கீறினேன். பத்தில் பத்துப் பட்டம், பத்து வால். தாள் முழுக்கத் தும்பு மாதிரி வந்தது. வாலை வெட்டிவிட்டேன். ஆடுதனுக்குச் செவ்வரத்தம்பூ.

ஸ்கோப்பன்தான் வில்லங்கம். அந்த வடிவத்தைப் பார்த்தால் வேல். இலையும் காம்பும் அப்படியே பொருந்தும். நல்லூரில் இருந்து ஒரு மைல் தூரத்தில் பிறந்தவனுக்கு வேறு என்ன தோன்றும்? கீறி, பதின்மூன்று தாளும் முடித்து, அம்மம்மாவுக்குக் காட்டினேன். அன்றைக்குப் பார்த்து விளையாட்டில் வேகஸ் முறைப் புள்ளி போட்டிருந்தேன். அது 52 டொலர் கழித்துத் தொடங்கி, மேலே ஏற்றும் ஒவ்வொரு தாளுக்கும் 5 டொலர் கூட்டும். டொலர் குறியைப் பார்த்துவிட்டார். "வேலைக் கொண்டுபோய்ச் சூதுக்குள்ள வைச்சிருக்கிறாய் என்ன?" என்று மட்டும் கேட்டார். அவ்வளவுதான். அன்றிரவே பதின்மூன்றையும் அழித்து, காம்பு கீழே தொங்க வெற்றிலையைக் கவிழ்த்து வைத்தேன். கறுப்பு வெற்றிலை. வேல் அளவுக்கு வடிவில்லை, ஆனால் வீட்டில் சோறு கிடைத்தது.

சாமி படம் போடலாமா என்று கேட்பவர்களுக்கும் இதுதான் பதில்.

நான்கு அடையாளத்துக்கும் நான்கு நிறம் கொடுத்தால் வடிவாக இருக்குமே? நுங்குக்குப் பச்சை, பட்டத்துக்கு நீலம்?

வடிவாக இருக்கும். விளையாட ஏலாது. சொலிட்டயரே சிவப்பின் மேல் கறுப்பு, கறுப்பின் மேல் சிவப்பு என்ற ஒரே விதியில் ஓடுகிறது. பச்சை நுங்கு ஏழின் மேல் நீலப் பட்டம் ஆறு போகுமா போகாதா? ஒவ்வொரு முறையும் யோசிக்க வேண்டி வரும். என் முதற் கூட்டம் அப்படித்தான் இருந்தது, மாமா மூன்று ஆட்டம் விளையாடிவிட்டுப் பழையதைத் தா என்று கேட்டார்.

காட்ஸ் படம் பார்ப்பதற்கு முதல் வாசிப்பதற்கு. ஒன்றின் மேல் ஒன்று அடுக்கும்போது திறந்த தாளில் மேலே பதினைந்து பிக்சல் அளவு கீலம்தான் வெளியே தெரியும். அந்தக் கீலத்தில் எண்ணும் நிறமும் அடையாளமும் பார்த்த உடனே பிடிபட வேண்டும். மூலை அடையாளத்துக்கு நான் ஒன்பது பிக்சல்தான் ஒதுக்கினேன். ஒன்பது பிக்சலில் செவ்வரத்தம்பூவின் மகரந்தத் தண்டு வராது. ஐந்து இதழையும் ஒரு சிவப்புக் குவியலாக்கி, அதில் ஒரே ஒரு மஞ்சள் பிக்சல் வைத்தேன். அது பூவாகத் தெரிகிறது. இரண்டு மஞ்சள் வைத்தால் முட்டைப் பொரியல்.

மூலையில் தமிழ் எழுத்துப் போட்டால் என்ன? தமிழ் எண்கள்?

போட்டுப் பார்த்தேன், பட்டும் பார்த்தேன். ராசாவுக்கு 'ரா' என்றால் ராணிக்கும் 'ரா'. சரி, ராசாவை அரசனாக்கி 'அ' போட்டேன். பிறகு ஆசை விடவில்லை, எண்களையும் தமிழ் எண்ணாக மாற்றினேன். எட்டு ௮. அரசன் அ. பதினொரு பிக்சல் உயரத்தில் இரண்டுக்கும் வித்தியாசம் கண்டுபிடிக்கிறவருக்கு நான் தேநீர் வாங்கித் தருகிறேன். ௭ என்பதை எல்லோரும் 'எ' என்றே வாசித்தார்கள், ௬-ஐ 'சு' என்று. எங்கள் வீட்டில் தமிழ் எண் தெரிந்தவர் ஒருவரும் இல்லை என்பதும் அன்றைக்குத்தான் தெரிந்தது. பத்துக்கு ௰ என்று ஒற்றை எழுத்தாக வருவது மட்டும் உண்மையிலேயே வசதி, மற்ற எண்களைவிட அகலமாக இடம் பிடிக்கிற '10'-ஐவிட நன்றாக இருந்தது.

304 மேசையில் யாரும் 'அரசன் போடு' என்று கத்துவதில்லை. கே, கியூ, ஜே என்றுதான் கதைக்கிறோம். ஆகவே முதன்மைக் கூட்டத்தில் ஆங்கில எழுத்தும் வழக்கமான எண்ணும்தான். தமிழ் எண் கூட்டம் தனியாக இருக்கிறது, பொறுமை உள்ளவர்களுக்கு.

ராசா சங்கிலியனா?

யாழ்ப்பாண அரசன் சங்கிலியனின் முத்திரைச் சந்திச் சிலையைப் பார்த்துத்தான் தொடங்கினேன், வாளை ஓங்கிக்கொண்டு குதிரை மேலே. ஆனால் படத்தாளில் மேற்பாதியைத் தலைகீழாகத் திருப்பிக் கீழே ஒட்ட வேண்டும், அதாவது உங்களுக்குக் கிடைப்பது 48 வரிகள். அதற்குள் குதிரையும் ஆளும் வாளும் என்றால் குதிரை நாயாகிவிடுகிறது. குதிரையை விட்டு, மார்பளவு ஆளையும் வாளையும் மட்டும் வைத்தேன். நான்கு ராசாவுக்கும் ஒரே முகம்தான், தலைப்பாகை மட்டும் வேறு. கேட்டால் அண்ணன் தம்பி என்பேன்.

ராணியின் கையில் யாழ். ஐந்து நரம்பு, ஒவ்வொன்றும் ஒரு பிக்சல் கோடு.

ஜேக்குத்தான் நான் அதிக நாள் செலவழித்தேன். மரமேறுகிறவர், இடுப்பில் முட்டி, காலில் தளநார் (ஏறும்போது மாட்டும் நார் வளையம்). சொலிட்டயரில் ஜே ராணிக்கும் கீழே. ஆனால் இந்தக் கூட்டத்தைப் பார்க்கப்போகிறவர்கள் 304-காரர்கள், 304-இல் ஜேக்கு 30 புள்ளி, ராசாவுக்கு 3. அந்தக் கணக்குக்குத்தான் நான் கீறியிருக்கிறேன்.

முதுகுக்கு நல்லூர்க் கோபுரம் போட்டேன். கோபுரத்தைச் சுற்றி வௌவால் பறக்கிறது!

இதைக் கேட்டு வந்தவருக்கு உண்மையிலேயே கொஞ்சம் பயம் பிடித்திருந்தது. விளக்கம் எளிது. மூலக் கூட்டத்தில் நான்கு முதுகுகள் அசையும். கோட்டை முதுகில் வௌவால் பறக்கும், ரோபோவின் மானி ஆடும், தென்னைமரக் கடற்கரையில் சூரியன் நாக்கை நீட்டும், கைச் சட்டைக்குள்ளிருந்து ஏஸ் எட்டிப் பார்க்கும். இவை முதுகுப் படத்தின் பகுதி அல்ல. தனிச் சின்னப் படங்களாக இருந்து, விளையாட்டு நேரத்துக்கு நேரம் குறித்த இடத்தில் ஒட்டிவிட்டுப் போகும். நீங்கள் கோட்டையை மாற்றி அதன் இடத்தில் கோபுரத்தை வைத்திருக்கிறீர்கள், வௌவாலுக்கு அது தெரியாது.

அசையாத முதுகு ஒன்றை மாற்றுங்கள், 60 அல்லது 61 மீன் முதுகுகள். நான் 60-இல் பனையை வைத்திருக்கிறேன். 71-க்கு 96 என்ற நெட்டைச் சட்டத்துக்குப் பனையைப்போலப் பொருந்துகிறது வேறொன்றும் இல்லை. பொதுநூலகம் கேட்கிறவர்கள் நிறையப் பேர். அது அகலக் கட்டடம், நிமிர்ந்த தாளில் வைத்தால் மேலும் கீழும் வானமும் புல்லும்தான் மிஞ்சும். குவிமாடத்தை மட்டும் எடுத்து ஒருமுறை முயன்றேன், யாருக்கும் அடையாளம் தெரியவில்லை.

அந்த நான்கில் ஒன்றைத்தான் மாற்றுவேன் என்று நிற்கிறவர்கள், ஒட்டப்படும் சின்னப் படங்களையும் தேடி மாற்ற வேண்டும். கடற்கரைச் சூரியன் இருக்கும் இடத்தில் காரைநகர் கடற்கரைச் சூரியனைக் கீறி ஒருவர் செய்திருந்தார். நாக்கைக் கீறாமல் விட்டுவிட்டார். நான் என்றால் விட்டிருக்க மாட்டேன்.

எல்லாத் தாளும் சரியா என்று பார்க்க ஒவ்வொரு முறையும் விளையாடி வெல்ல வேண்டுமா?

வேண்டாம். சொலிட்டயர் திறந்திருக்கும்போது ஆல்ட், ஷிஃப்ட், 2 மூன்றையும் சேர்த்து அழுத்துங்கள். வென்றதாக எடுத்துக்கொண்டு 52 தாளும் துள்ளி விழும். அந்த அருவியில் பிழையான தாள் கண்ணில் படாமல் போகாது. ஒரே தாள் நூறு முறை பதிந்துகொண்டு போகுமே. ஃப்ரீசெல்லில் எல்லாத் தாளும் தொடக்கத்திலேயே முகம் காட்டி இருக்கும், நிதானமாகப் பார்க்க அது நல்லது. எந்த ஆட்ட எண்ணும் போடலாம். 11982 மட்டும் விளையாடிப் பார்க்க வேண்டாம், எக்ஸ்பிக்கு முந்திய 32,000 ஆட்டங்களில் தீர்க்க முடியாதது அது ஒன்றுதான்.

ஜிம்பில் கீறிய தாள் மட்டும் வெறுமையாக வருகிறது.

பிட்மாப்பாக ஏற்றுமதி செய்யும்போது, பொருந்துமைப் பகுதியில் நிறவெளித் தகவலை எழுத வேண்டாம் என்ற பெட்டியில் சரி போடுங்கள். இல்லாவிட்டால் தலைப்பு நீண்ட புதிய வகையாகப் போய்விடும், பழைய மென்பொருட்களுக்கு அது விளங்காது. 20,790 கணக்கு இங்கேயும் காட்டிக்கொடுக்கும்.

உங்கள் டிஎல்எல்லை அனுப்புங்களேன், கீறுகிற கரைச்சல் இல்லாமல்.

டிஎல்எல் தர மாட்டேன். அது மைக்ரோசொஃப்டின் சொத்து, அதை மாற்றி ஊருக்குப் பகிர எனக்கு உரிமை இல்லை. 52 பிட்மாப்பும் முதுகும் தருகிறேன், அவை என் கையால் கீறியவை. நீங்கள் உங்கள் பிரதிக்குள் ஏற்றுங்கள். இன்னொரு காரணமும் உண்டு. டிஎல்எல் என்பது படப்பெட்டி மாதிரித் தெரிந்தாலும் உள்ளே ஓடுகிற நிரல் இருக்கிறது. எங்கிருந்தோ வந்த டிஎல்எல்லை நம்பித் திறப்பது, ஒழுங்கையில் கிடந்த மருந்துக் குளிசையை விழுங்குவது மாதிரி.

இந்தக் கூட்டத்தை வைத்துக் கணினியில் 304 விளையாடலாமா?

படத்தை மாற்றுவதால் விளையாட்டு மாறாது. ஆனால் நிரல் எழுதத் தெரிந்தவருக்குக் கதவு திறந்திருக்கிறது. கார்ட்ஸ்.டிஎல்எல்லை எந்த 32-பிட் நிரலும் கூப்பிடலாம், இந்த இடத்தில் இந்தத் தாளைக் கீறு என்றால் கீறும். ஒரு பொறி மட்டும் இருக்கிறது. படங்கள் உள்ளே அடுக்கப்பட்டிருப்பது பிரிவு பிரிவாக, களாவரை பதின்மூன்றும் முடிந்து உரூய்தன். நிரல் கூப்பிடும்போது எண்கள் வேறு மாதிரி: 0 தொடக்கம் 3 வரை நான்கு ஏஸ், 4 தொடக்கம் 7 வரை நான்கு 'இரண்டு' தாள்கள், அப்படியே 51-இல் ஸ்கோப்பன் ராசா. ஒரு தம்பி இதைக் கவனிக்காமல் ஒரு முழுக் கிழமை தன் கூட்டத்தைத் தானே கலைத்துக்கொண்டிருந்தான்.

304-க்கு ஏழும் அதற்கு மேற்பட்டவையுமாக 32 தாள்தான் வேண்டும். ஜே 30, ஒன்பது 20, ஏஸ் 11, பத்து 10, கே 3, கியூ 2, எட்டுக்கும் ஏழுக்கும் ஒன்றுமில்லை. பிரிவுக்கு 76, நான்குக்கும் 304. புள்ளி எண்ணுவது சுகம். துரும்பைக் கவிழ்த்து வைத்துவிட்டு முகத்தைப் பார்த்துக் கேள்வி (ஏலம்) ஏற்றுகிற பகுதியைக் கணினிக்குப் பழக்குவதுதான் பாடு.

என்னிடம் விண்டோஸே இல்லை. லினக்ஸ்தான்.

பைசோல்எஃப்சி எடுங்கள். ஆயிரத்துக்கு மேற்பட்ட தனியாள் காட்ஸ் ஆட்டங்கள், எல்லாம் இலவசம். அதில் டிஎல்எல் பிரிக்கும் வேலையே இல்லை. ஒரு கோப்புறைக்குள் தாளுக்கு ஒரு படமும், அளவு சொல்லும் சிறிய உரைக்கோப்பும் வைத்தால் கூட்டம் தயார். அளவும் உங்கள் விருப்பம். புதிதாகத் தொடங்குகிறவருக்கு நான் இதைத்தான் சொல்வேன். நான் ஏன் 71-க்கு 96-இல் கிடந்து மாய்கிறேன் என்றால், மாமா அந்தப் பச்சைத் திரையை விட்டு வர மாட்டார்.

அச்சடித்து உண்மையான கூட்டமாகப் பாவிக்கலாமா?

இந்தப் படங்களை அப்படியே அச்சடித்தால், 300 டிபிஐயில் (அங்குலத்துக்கு 300 புள்ளி) ஒரு தாள் 6 மில்லிமீட்டர் அகலம், 8 மில்லிமீட்டர் உயரம். எறும்புகள் 304 அடிக்கலாம். வழக்கமான போக்கர் தாள் 63-க்கு 88 மில்லிமீட்டர், அதற்கு 744-க்கு 1,039 பிக்சல் வேண்டும். பெருப்பித்தால் பிக்சல் கட்டம் கட்டமாகத் தெரியும். சூசன் கேரின் மூலப் படங்கள் 2015-இல் உண்மையான கூட்டமாக அச்சாகி வந்தபோது அந்தக் கட்டங்களை ஒளிக்காமல் அப்படியேதான் விட்டிருந்தார்கள், அது நன்றாகவும் இருந்தது.

நானும் ஒரே ஒரு தாளைப் பெருப்பித்து, பத்து மடங்காக, கட்டம் தெரிய அச்சடித்து எடுத்தேன். களாவரை ஜே. மரமேறுகிறவரின் முகத்தில் மொத்தம் பதினாறு கட்டம், கண் இரண்டும் ஒவ்வொரு கட்டம். மாமா அதைக் கையில் வாங்கி, கண்ணாடியை மேலே தூக்கிவிட்டுப் பார்த்தார். "தளநார் காலில கீழ கிடக்கு. கொஞ்சம் மேல ஏத்து" என்றார். அடுத்த பதிப்பில் இரண்டு பிக்சல் ஏற்றியிருக்கிறேன்.